ஏழேகாலுக்கு விடிகிற ஊர்

பினாங்கில் சூரியன் சோம்பேறி. ஏழு மணிக்கு முன்னால் எழுந்திருக்காது. பிப்ரவரி மாதம் என்றால் ஏழரைகூட ஆகும். என் மகள் பள்ளிக்கூட பஸ் ஏறும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு நல்ல வெளிச்சத்தில் பிள்ளைகள் பந்து விளையாடும். உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு வராது, ஒன்றேகாலுக்கு வரும்.

தப்பு சூரியன் மேல் இல்லை, கடிகாரத்தின் மேல். பினாங்கு இருக்கிற இடத்துக்கு இந்திய நேரத்தைவிட ஒரு மணி பத்து நிமிடம் கூடுதலாக இருந்தால் சரியாக இருக்கும். ஆனால் இரண்டரை மணி நேரம் கூடுதல். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி, கிழக்கு மலேசிய மாநிலங்களான சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. முந்தின நாள் இரவு பதினொன்றரைக்கே புத்தாண்டு பிறந்துவிட்டது. இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. 2013-இல் வந்த புதிதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அலாரம் அடிக்கிறது, வெளியே நடுராத்திரி மாதிரி இருக்கிறது என்பதுதான்.

முதல் நாள் வேலைக்குப் போக வேண்டியது ஒரு திங்கட்கிழமை. அம்மா முந்தின நாளே போன் செய்துவிட்டார். "திங்கக்கிழமை ஏழரையிலேருந்து ஒன்பது ராகு காலம். அதுக்கு முன்னாடியே படி தாண்டிடு."

"எந்த ஏழரைம்மா? உங்க ஏழரையா, எங்க ஏழரையா?" என்று கேட்டேன். அங்கே ஏழரை என்றால் இங்கே பத்து மணி. இங்கே ஏழரை என்றால் சூரியனே அப்போதுதான் தலை காட்டுகிறது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தீர்ப்பு வந்தது: "சூரியன் எப்ப உதிக்குதோ அப்பத்தான் ஆறு மணி. உங்க கடியாரம் என்ன காட்டுனாலும் சரி."

கணக்குப் போட்டுப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரி. பொழுது விடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து ராகு காலம் ஆரம்பிக்கும் என்றால், பினாங்கில் அது ஏறக்குறைய எட்டே முக்காலுக்கு. எட்டு மணிக்கு நான் ஆலைக்குள் இருந்தேன். ஆனால் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது. திங்கட்கிழமை ஏழரை ஒன்பது என்று நான் உலகத்துக்கே பொதுவாக நினைத்துக்கொண்டிருந்தது, கீழ்வேளூர் பக்கத்து ஊரில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் ஏழரை ஒன்பதுதானா?

சீனர்களும் மலாய்க்காரர்களும் என்னை மாதிரி இருக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் வந்தேன். அதற்கு மனசைத் தயார் செய்துகொண்டுதான் விமானம் ஏறினேன். குச்சியால் சாப்பிடுவார்கள், பன்றி சாப்பிடுவார்கள், ஐந்து வேளை தொழுவார்கள், சுட்டுவிரலால் ஆளைக் காட்டினால் மரியாதைக் குறைவு, கட்டைவிரலை மடக்கிய கையின் மேல் வைத்துக் காட்ட வேண்டும். இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. வேறு மாதிரி இருப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் வேறு மாதிரி இருந்தால் அதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. என்னை ஆட்டிப் பார்த்தவர்கள் தமிழர்கள்.

முதல் வாரக் கடைசியில் ஜார்ஜ்டவுன் பார்க்கப் போனேன். சூலியா தெருவும் கிங் தெருவும் சேருகிற முனையில் நாகூர் தர்கா என்று எழுதியிருந்தது. நாகூருக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். சின்ன வயதில் கந்தூரிக்குப் போய் மினாராவை அண்ணாந்து பார்த்து நின்றவன் நான். ஆண்டவர் அடங்கியிருப்பது அங்கே, இங்கே இருப்பது அவர் பெயரில் ஒரு நினைவிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் கட்டியது. ரஜூலா, அப்புறம் சிதம்பரம் என்று கப்பல்கள் சென்னையில் கிளம்பி நாகப்பட்டினத்தைத் தொட்டு இங்கே வந்த கதையைத் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1985-இல் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து முடிந்தது. ஆக, எனக்கு முன்னாலேயே என் ஊர் இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இவர்களுக்குத் தமிழ் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற திமிர் அந்தப் பெருமைக்குள் ஒளிந்திருந்தது.

லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் அறுபது வயது அக்கா. "பசியாறிட்டீங்களா தம்பி?" என்றார். எங்கள் பக்கம் நாகூர் முஸ்லிம் வீடுகளில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்பார்கள். அதை இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். பிறகு அவர் சொன்னார்: "மொத்தம் பன்னெண்டு வெள்ளி நாப்பது காசு. பெரிய சடக்கைத் தாண்டிப் போனீங்கன்னா பஸ்ஸு நிக்கும்." ரிங்கிட் வெள்ளி, சென் காசு, ரோடு சடக்கு. நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டு, "ரைஸ் பேக் ஒன்னு எக்ஸ்ட்ராவா வேணும், கார்டு அக்செப்ட் பண்ணுவீங்களா?" என்று கேட்டேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊர்லேருந்து வந்தவங்க எல்லாம் இப்படித்தான் பேசுறீங்க. அரிசின்னு ஒரு வார்த்தை இருக்குல்ல தம்பி?"

அன்றைக்கு வாய் மூடியது. அப்புறம் கவனித்தேன், அவர்களுடைய தமிழில் மலாய் கலந்திருக்கிறது, என்னுடைய தமிழில் ஆங்கிலம். எனக்கு என்னுடையது கலப்பாகத் தெரியவில்லை. போகட்டும், அந்த மலாயே முழுக்க அந்நியமா என்றால் அதுவும் இல்லை. கடை அங்கே 'கெடாய்', கப்பல் 'காப்பால்', கட்டில் 'காத்தில்', பெட்டி 'பெத்தி', மீசை 'மிசாய்', கோயில் 'குயில்'. குளத்தை அவர்கள் 'கோலாம்' என்பதைக் கேட்டு, யார் வீட்டு வாசலில் என்று நான் தேடியது தனிக் கதை.

அடுத்து உடைந்தது ஒரு கேள்வி. புதிதாக ஒரு தமிழரைப் பார்த்தால் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. ஆலையில் என்னோடு வேலை பார்த்த ஒரு தமிழரிடம் கேட்டேன். "சுங்கை சிப்புட்," என்றார். "அது சரி, சொந்த ஊர்?" "அதான் சார், சுங்கை சிப்புட். தோட்டத்துலதான் பொறந்தேன்." "இல்ல, அதுக்கு முன்னாடி, தாத்தா ஊரு?" அவர் யோசித்தார். "வட ஆற்காடுன்னு சொல்வாங்க. சரியாத் தெரியலை சார். ஏன் கேக்குறீங்க?"

ஏன் கேட்கிறேன்? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஊர் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி தெரு. தெருவைச் சொல்லிவிட்டால் மூன்றாவது கேள்வி தேவையே இல்லை, ஆள் யார் என்று தெரிந்துவிடும். நான் சாதி கேட்பதில்லை என்று மனதார நம்பிக்கொண்டிருந்தவன். ஊர் கேட்பதோடு சரி என்று நினைத்திருந்தேன். அந்த மனிதர் ஒன்றும் தெரியாமல் என் கையிலிருந்த அளவுகோலைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். அவருடைய அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'அனாக் லெலாக்கி', அதாவது இன்னாருடைய மகன், அவ்வளவுதான். மலேசியத் தமிழர்களிடம் சாதியே இல்லை என்று கதை கட்ட மாட்டேன். கல்யாணப் பேச்சு வந்தால் எங்கிருந்தோ அது எழுந்து வந்து உட்கார்ந்துகொள்வதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் முதல் சந்திப்பில், தேநீர்க் கோப்பை கையில் இருக்கும்போது, அது அங்கே இல்லை. நான்தான் கூடவே கொண்டு வந்திருந்தேன்.

இதே நான், அதற்குச் சில வருஷங்கள் கழித்து ஒரு கிளினிக்கில் கொதித்துப் போனேன். மகளுக்குக் காய்ச்சல். பதிவு செய்ய ஒரு தாள் கொடுத்தார்கள். பெயர், வயது, அப்புறம் 'பங்சா', அப்புறம் 'ஆகாமா'. என்ன இனம், என்ன மதம். பங்சாவுக்குக் கீழே நாலு கட்டங்கள்: மலாய், சீனர், இந்தியர், மற்றவர். காய்ச்சல் பிள்ளைக்கு இனம் எதற்கு? அந்தப் பெண்ணிடம் கேட்டேவிட்டேன். அவர் நான் ஏதோ பேனாவின் நிறத்தைப் பற்றிக் கேட்டது மாதிரி பார்த்துவிட்டு, "எப்போதும் இருப்பதுதானே," என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். நாட்டில் எல்லாத்துக்கும் இனம், பள்ளிக்கூடத்துக்கு இனம், வங்கிக்கு இனம், இதை எப்படி சகித்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "உங்க பத்தாம் கிளாஸ் மாற்றுச் சான்றிதழ் பெட்டியில இருக்கு, எடுத்துப் பாருங்க," என்றார்.

எடுக்க வேண்டிய தேவை இல்லை. என்ன எழுதியிருக்கும் என்று தெரியும். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து கல்லூரி விண்ணப்பம் வரை எத்தனை தாளில் அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறேன். ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி. ஒரு தடவைகூடக் கோபம் வந்ததில்லை. இரண்டு தாளும் ஒன்றல்ல, எங்கள் ஊர்க் கட்டத்துக்கு இட ஒதுக்கீடு என்ற நியாயம் பின்னால் இருக்கிறது, அதை நான் ஆதரிக்கிறவன், இதையெல்லாம் மனைவியிடம் அன்றே வாதாடினேன். இங்கேயும் ஒரு நியாயம் சொல்வார்கள், அதில் எனக்கு உடன்பாடு குறைவு. ஆனால் விஷயம் அதுவல்ல. ஒரு கட்டம் எனக்குச் சகஜம், இன்னொன்று அராஜகம், அவ்வளவு சுலபமாக அது பிரிந்தது எப்படி? சிரிப்பு என்னவென்றால், 'பங்சா' வேறு ஒன்றுமில்லை, நம்முடைய வம்சம்தான். 'ஆகாமா' ஆகமம். சமஸ்கிருதத்திலிருந்து நமக்கு வந்த மாதிரியே அவர்களுக்கும் போயிருக்கிறது. கொதித்துப் போவதற்குக்கூட இரவல் வார்த்தை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய ஊர். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். பினாங்கைப் பற்றி எழுதிவிட்டு சாப்பாட்டைத் தொடாமல் போனால் இந்த ஊர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

எங்கள் ஆலை இருக்கிற பாயான் லெப்பாஸ் 1972-இலிருந்து தடையற்ற வணிக வட்டாரம். எங்கள் பிரிவில் மதியம் சேர்ந்து சாப்பிடுகிற கூட்டம் ஏழு பேர். எங்கே போவது என்பது தினமும் ஒரு பஞ்சாயத்து. மலாய் நண்பர்கள் இரண்டு பேருக்கு ஹலால் வேண்டும். எனக்கு மாடு கூடாது. இதுவரை எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, சீன நண்பர்களில் இரண்டு பேருக்கும் மாடு கூடாது என்பது. குவான் யின் அம்மனை வீட்டில் கும்பிடுகிறார்கள், அவளைக் கும்பிடுகிறவர்கள் பலர் மாட்டிறைச்சி தொட மாட்டார்கள். அதில் ஒருவர் சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். அந்தச் சைவத்தில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. எங்கள் பெரியத்தை ஏகாதசிக்கு இருப்பதைவிடக் கறாராக இருப்பார். அமாவாசை, பௌர்ணமி என்று சொன்னால் முடிந்துவிடும், ஆனால் அதை நாங்கள் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆனது. அவர் தன் காலண்டரில் பார்த்தார், நான் என்னுடையதில் பார்த்தேன். ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் கோழி வேண்டாம் என்றபோதுதான் விளங்கியது.

ஆக, பினாங்கில் எல்லாரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பது கோழிதான். அதற்கு ஒரு சிலை வைக்கலாம்.

வெள்ளிக்கிழமை மட்டும் விதி வேறு. ஜும்ஆவுக்காக மலாய் நண்பர்கள் பன்னிரண்டரைக்குப் போய்விடுவார்கள். அன்றைக்குத்தான் சீன நண்பர்கள் பாக் குட் தே சாப்பிடக் கிளம்புவார்கள், பன்றி விலாவை மூலிகையோடு கொதிக்கவைத்த சாறு. வாரத்தில் ஐந்து நாளில் அது ஒன்றுதான் அவர்களுக்கு விடுதலை. என்னையும் இழுப்பார்கள். எனக்கோ வெள்ளிக்கிழமை சைவம். அதனால் பன்றி மணக்கிற கடையில் உட்கார்ந்து, அவர்கள் வாங்கித் தந்த வெள்ளைச் சோறும் வறுத்த கீரையும் சாப்பிட்டபடி ஊர்க்கதை கேட்பேன். முதல் தடவை குமட்டியது உண்மை. ஆறாவது மாதம் அது வெள்ளிக்கிழமையின் வாசனை ஆகிவிட்டது. ஊரில் வெள்ளிக்கிழமை என்றால் சாம்பிராணி. இங்கே சாம்பிராணியும் உண்டு, எங்கள் வீட்டில், சாயங்காலம்.

நாசி கண்டார் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ராமநாதபுரம், தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம்கள் தோளில் காவடி மாதிரிக் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு சுமந்து விற்றதிலிருந்து வந்தது. கோழிக்குழம்பு, மீன்குழம்பு, பருப்பு, மாட்டுக்கறிச் சாறு எல்லாவற்றையும் ஒரே தட்டில் வெள்ளமாக ஊற்றுவார்கள், 'பஞ்சிர்' என்று கேட்டால் இன்னும் இரண்டு கரண்டி விழும். மாடு இல்லாமல் என்று சொன்னாலும் கரண்டி அங்கே போய்விட்டுத்தான் வந்திருக்கும். சாம்பார், ரசம், மோர் என்று வரிசை மாறாமல் வளர்ந்த எனக்கு இதைப் பார்த்தபோது ஒழுங்குகெட்ட வேலையாகத் தெரிந்தது. இப்போது ஊருக்குப் போனால் அம்மா வைத்த மீன்குழம்பில் நேற்றைய கோழிக்குழம்பைக் கொஞ்சம் விட்டுக்கொள்கிறேன். அம்மா எதுவும் சொல்வதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு தீபாவளிக்கு அலுவலகத்தில் எல்லாரையும் வீட்டுக்கு அழைத்தோம். இங்கே அதைத் திறந்த இல்லம் என்பார்கள். பெருநாளுக்கு அவர்கள் வீடு திறக்கும், சீனப் புத்தாண்டுக்கு இவர்கள் வீடு, தீபாவளிக்கு நம் வீடு. யாரும் வரலாம், சாப்பிடலாம். பக்கத்து வீட்டுத் தமிழ் அக்கா முந்தின நாள் வந்து மனைவிக்கு யோசனை சொன்னார்: "மலாய்க்காரங்க வந்தா தனித் தட்டு எடுத்து வெச்சிரும்மா. காகிதத் தட்டு, காகிதக் கப்பு. கோழி ஹலால் கடையில வாங்கிரு. பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுறாத, கண்ணுல படுற மாதிரி வெச்சிரு, அவங்களாக் கேக்கச் சங்கடப்படுவாங்க."

தனித் தட்டு என்ற வார்த்தை என்னைச் சுட்டது. எதற்கு என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊர் வீட்டுக் கொல்லையில், மாட்டுக் கொட்டகைச் சுவர் மாடத்தில், ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு. அது யாருக்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு நான் தனித் தட்டு வைக்க மாட்டேன், நாம் சாப்பிடுகிற தட்டில்தான் பரிமாறுவேன் என்று மனைவியிடம் வீராப்புப் பேசினேன். பெரிய புரட்சி செய்கிற நினைப்பு.

மலாய் நண்பர் மனைவி குழந்தைகளோடு வந்தார். எங்கள் வீட்டு நல்ல தட்டை நீட்டினேன். அவர் ஒரு நொடி தயங்கினார். வாங்கிக்கொண்டார், ஆனால் அந்த ஒரு நொடி எனக்குத் தெரிந்தது. பன்றி சமைக்காத வீடு என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் அந்தத் தட்டில் முன்பு என்ன இருந்தது என்று அவருக்கு நிச்சயமில்லை, கேட்டால் என் மனம் புண்படும். மனைவி என்னைத் தாண்டி வந்து, சிரித்துக்கொண்டே காகிதத் தட்டுகளை நீட்டினார். அந்தக் குடும்பத்தின் தோள்கள் இறங்கியதை நான் பார்த்தேன். நன்றாகச் சாப்பிட்டார்கள். முறுக்கு டப்பாவில் கட்டிக்கொண்டு போனார்கள். என் புரட்சியால் அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரு அரைகுறைச் சாப்பாடு மட்டும்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு அலமாரியில் காகிதத் தட்டு தீர்ந்ததே இல்லை. பிறந்தநாள் வந்தால் மகளே எண்ணிவைப்பாள்: யாருக்கு ஹலால், யாருக்கு மாடு கூடாது, யாருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அவளுக்கு அது விருந்தோம்பலின் ஒரு பகுதி, தலைவாழை இலையின் நுனியை எந்தப் பக்கம் போடுவது என்பது மாதிரி.

இப்படி எழுதிக்கொண்டே போனால், பல இனத்தோடு பழகிப் பழகி மனம் விரிந்த நல்லவன் ஆகிவிட்டேன் என்ற தோற்றம் வரும். வேண்டாம், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.

வந்த புதிதில் வாடகைக்கு வீடு தேடினேன். தரகரிடம் போனில் ஆங்கிலத்தில் பேசினேன். எல்லாம் சரியாகப் போனது. கடைசியில் அவர் கேட்டார், "நீங்கள் இந்தியரா? தினமும் கறி சமைப்பீர்களா?" வீட்டுக்காரருக்கு விருப்பமில்லையாம். விளம்பரத்திலேயே இன்ன இனத்தவருக்கு மட்டும் என்று போட்டிருப்பதையும் பார்த்தேன். மூன்று வீடு இப்படிக் கைவிட்டுப் போனது. இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். நாகூர் தர்காவுக்குப் பக்கத்துத் தெருவில்தான் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது, 1801-இல் இந்திய முஸ்லிம் வணிகர்களின் தலைவரான காதர் முகைதீன் எழுப்பியது. இந்தியரைக் குறிக்கிற சொல் 'கெலிங்'. பள்ளிவாசலின் பெயரில் கௌரவமாக நிற்கிற அதே சொல் தெருவில் வசவு. அதை முதுகுக்குப் பின்னால் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். கடைசியில் புக்கிட் ஜம்புலில் ஒரு சீன மூதாட்டி வீடு கொடுத்தார், ஒரு கேள்வியும் கேட்காமல். அதுவும் நடந்தது.

நான்கு வருஷம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு பையன் எங்கள் ஆலையில் சேர்ந்தான். வீடு பார்க்க உதவி கேட்டான். ஒரு அடுக்குமாடியின் பெயரைச் சொன்னான். "அங்க வேண்டாம்ப்பா, அங்க நம்ம ஆளுக்குத் தர மாட்டாங்க. இந்தப் பக்கம் பாரு," என்றேன். எந்தப் பஸ் எங்கே போகும் என்று சொல்கிற குரலில். அவன் முகம் மாறியது. "எப்படி சார் இதை இவ்வளவு சாதாரணமாச் சொல்றீங்க?" என்றான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பன்றிச் சாற்றின் வாசனை பழகின அதே மூக்குக்கு இதுவும் பழகிவிட்டிருக்கிறது. மனம் விரிகிறபோது நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு விரிவதில்லை. பழக்கத்துக்கு ஹலால் முத்திரை எதுவும் கிடையாது, எல்லாவற்றையும் விழுங்கும்.

இன்னும் பழகாத சிலதும் உண்டு. தைப்பூசத்துக்கு முந்தின நாள் தேர் போகிற வழியில் மலை மலையாகத் தேங்காய். பெரும்பாலும் சீனர்கள் குவித்து வைத்து உடைப்பார்கள். சடக்கு முழுக்க இளநீர் ஓடும். எங்கள் தமிழ்நாட்டில் தைப்பூசத்துக்கு 2021-இல்தான் அரசு விடுமுறை வந்தது, இங்கே நான் வந்தபோதே ஊரே மூடிக் கிடந்தது. தண்ணீர்மலைப் படிகளில் சீனப் பெண்கள் பால்குடம் தூக்கி ஏறுவதைப் பார்க்கும்போது கண் கலங்கும். ஆனால் அந்தத் தேங்காய்க் குவியலைப் பார்க்கும்போது இன்றைக்கும் என் தஞ்சாவூர் ஜில்லா மூளை விலை போட ஆரம்பித்துவிடும். ஒரு தேங்காயில் இரண்டு நாள் சட்னி அரைக்கிற வீட்டில் வளர்ந்தவன்.

சீனர்களின் ஏழாம் மாதம் வேறு வகை. ஆவிகள் வெளியே வருகிற மாதம் என்பார்கள். சாலையோரம் காகிதப் பணம் எரியும், ஊதுபத்தி, ஆரஞ்சு, சோறு. கூத்து மேடையின் முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும், அது ஆவிகளுக்கு. வந்த வருஷம் ஒரு ராத்திரி தெரியாமல் அந்த முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன். யாரும் திட்டவில்லை. ஒரு தாத்தா மெதுவாகத் தோளைத் தட்டிப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார், ஏதோ பெரியவர்கள் உட்காருகிற இடத்திலிருந்து பிள்ளையை எழுப்புவது போல. 2024-இல் அந்த மாதம் ஆகஸ்ட் 4-ஆம் தேதி பிறந்தது. அன்றைக்கு எங்களுக்கு ஆடி அமாவாசை. காலையில் நான் எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். ராத்திரி கீழே வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் காகிதம் எரித்தார். மின்தூக்கியில் சந்தித்தபோது அவர் கையில் கரி, என் நெற்றியில் திருநீறு. "அப்பாவுக்கா?" என்றார். "ஆமாம். உங்களுக்கு?" "அம்மா." அவ்வளவுதான் பேச்சு. ஒன்பதாவது மாடி வந்துவிட்டது.

போன வருஷம் பள்ளி விடுமுறைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அவளுக்கு ஒன்பது வயது. ஐந்தரைக்கே விடிந்துவிடுகிறது என்று ஆச்சரியப்பட்டாள். கடைத்தெருவில் அண்ணனிடம் மருந்துக்கடை எது என்று கட்டைவிரலால் காட்டினேன், அவர் நான் கிண்டல் செய்வதாக நினைத்தார். மகள் வாய் ஓயவில்லை. எதைப் பார்த்தாலும் கேள்வி.

மூன்றாம் நாள் காலை கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தோம். மாட்டு வேலைக்கு வருகிற அக்கா சாணி அள்ளி முடித்துவிட்டு வந்து நின்றார். சின்னப் பெண்ணாக அவர் தன் அம்மாவோடு வந்த காலத்திலிருந்து எனக்குத் தெரியும். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். என்னைத் தம்பி என்று அவர் கூப்பிட்டதில்லை, நானும் ஒரு நாளும் வாய் திறந்து அவரை அக்கா என்றதில்லை. மாடத்திலிருந்து டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தார். அம்மா கொஞ்சம் உயரத்திலிருந்து டீயை ஊற்றினார், ஒரு சொட்டு வெளியே விழாமல். முப்பது வருஷக் கை.

மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டி, இந்த ஆண்ட்டி ஹலால் மட்டும்தான் சாப்பிடுவாங்களா?"

"என்ன கேக்குறா இவ?" என்று அம்மா என்னைப் பார்த்தார்.

"அவங்களுக்கு மட்டும் தனி டம்ளர் வெச்சிருக்கீங்களே. நம்ம வீட்டுல அம்மாவும் வெப்பாங்க."

அந்த அக்காதான் கேட்டார், "அது என்னா பாப்பா அது, ஹலாலு?"

மகளுக்குப் பாடம் நடத்தப் பிடிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதாவது, உங்களுக்கு எது ஓகே, எது ஓகே இல்லைன்னு நீங்கதான் சொல்லணும். நீங்க சொன்னா, நாங்க அதுக்குத் தனியா தட்டு வாங்கி வெப்போம். நீங்க சொன்னீங்களா?"

"உள்ள வாடி தங்கம், வெயில் ஏறுது," என்றார் அம்மா.

அந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த செல்பேசியைப் பார்த்தேன். அவர் டீயைக் குடித்து முடித்தார், குழாயடிக்குப் போய் டம்ளரைத் தானே கழுவினார், மாடத்தில் எப்போதும் போலக் கவிழ்த்து வைத்தார்.